நாண் தேறும் காலம்

குதிரை தன் ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலை ஊன்றி நிற்கும் விலங்கு. மனிதனின் நடுவிரலுக்கு ஒப்பான அந்த விரலின் நுனியைச் சூழ்ந்து வளர்ந்த தடித்த நகமே குளம்பு. பார்ப்பவர் கண்ணுக்கு முழங்காலாகத் தோன்றும் முன்னங்கால் மூட்டு, உடற்கூற்றின்படி குதிரையின் மணிக்கட்டு. அதற்குக் கீழே குளம்புவரை இறங்கும் மெலிந்த பகுதி முழுவதும் உள்ளங்கை எலும்பும் விரலெலும்புகளும்தான். இந்தப் பகுதியில் சொல்லிக்கொள்ளும்படியான தசை எதுவும் கிடையாது. காலை இயக்கும் தசைகள் எல்லாம் மேலே உடலை ஒட்டி அமைந்திருக்க, அவற்றின் இழுவிசையைக் கீழே கொண்டுசெல்லும் பொறுப்பு தசைநாண்களுடையது. தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கற்றைக்குத் தசைநாண் என்று பெயர். கால் நுனியில் எடை குறைந்தால் அதை முன்னும் பின்னும் வீசுவதற்கு ஆகும் ஆற்றலும் குறையும் என்பதால், திறந்த புல்வெளிகளில் ஓடித் தப்பிப் பிழைத்த இவ்விலங்குக்கு இந்த அமைப்பு பெரும் வரமாக இருந்திருக்கிறது. அதற்கு அது கொடுத்த விலை, அரை டன் எடையுள்ள உடலின் பாரம் முழுவதும் மிகக் குறைந்த இரத்த ஓட்டம் உள்ள, காயம்பட்டால் மிக மெதுவாகவே ஆறக்கூடிய சில நாண்களின் மேல் வந்து விழுந்ததாகும்.

அந்த நாண்களில் மிக அதிகமாகக் காயப்படுவது முன்னங்காலின் பின்புறத்தில், தோலுக்கு நேர் அடியில் ஓடும் மேற்புற மடக்குத் தசைநாண். மணிக்கட்டுக்கு மேலே உள்ள தசையிலிருந்து புறப்பட்டு, கால் எலும்பின் பின்பக்கமாக இறங்கி, குளம்புக்குச் சற்று மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டைக் கடந்து, இரண்டாகப் பிரிந்து விரலெலும்புகளில் சென்று சேர்வது இது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் செல்லும்போது ஒற்றை முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றும் கணத்தில் அந்தக் காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்போது ஃபெட்லாக் மூட்டு தரையைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்கிறது, நாண் நீள்கிறது, கால் தரையை விட்டெழும்போது மீண்டும் சுருங்கி, தான் வாங்கி வைத்த ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. தசை செலவழிக்க வேண்டிய ஆற்றலை இவ்வாறு ஒரு சுருள்வில்லாக நின்று மிச்சப்படுத்துவதே இந்த நாணின் சிறப்பு.

சிக்கலும் இதே சிறப்பிலிருந்துதான் பிறக்கிறது. பாய்ந்தோடும் பந்தயக் குதிரைகளின் இந்த நாண் தன் இயல்பான நீளத்தில் 16 விழுக்காடு வரை நீள்வது அளந்தறியப்பட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதே நாணை இழுத்துப் பார்த்தால் 12 முதல் 20 விழுக்காட்டுக்குள் அது அறுந்துபோகிறது. அன்றாடப் பணிக்கும் முறிவுக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளி என்று ஒன்று ஏறக்குறைய இல்லை என்பதே இதன் பொருள். பாலம் கட்டும் பொறியாளர் எவரும் இத்தகைய வடிவமைப்புக்கு ஒப்புதல் தரமாட்டார். போதாக்குறைக்கு, திரும்பக் கிடைக்காத ஆற்றல் வெப்பமாக மாறி நாணின் உட்பகுதியிலேயே தங்கிவிடுகிறது. பாய்ச்சலின்போது நாணின் மையத்தில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காயம் பெரும்பாலும் நாணின் ஓரத்தில் தோன்றாமல் நடுவில் தோன்றுவதற்கு இவ்வெப்பமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

நாணின் உள்ளமைப்பைத் தேர்வடத்தோடு ஒப்பிடலாம். மெல்லிய நார்கள் சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து வடமாவதைப் போலவே, கொலாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிழைகள் கற்றைகளாகவும், அக்கற்றைகள் மேலும் பெரிய கற்றைகளாகவும் சேர்ந்து, இழுவை வரும் திசையிலேயே ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இக்கற்றைகளுக்கிடையே மிகச் சில செல்களே ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. தேய்ந்ததைப் பழுது பார்ப்பது அவற்றின் வேலை. எலும்பும் தசையும் பயிற்சிக்கு ஏற்பத் தம்மை வலுப்படுத்திக்கொண்டே போக, இந்த நாணோ குதிரைக்கு ஏறத்தாழ இரண்டு வயதாகும்போது முதிர்ச்சியடைந்துவிட்டு, அதன்பின் பயிற்சியால் வலுப்பெறுவது மிகவும் குறைந்துபோகிறது. வயதும் ஓட்டமும் கூடக்கூட கண்ணுக்குத் தெரியாத நுண்சிதைவுகள் உள்ளே சேர்ந்துகொண்டே வருகின்றன. ஒரே நாளில், ஒரே தப்படியில் நேர்ந்ததாகத் தோன்றும் காயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் பல மாதத் தேய்மானம் மறைந்திருக்கிறது.

காயத்தின் அடையாளங்கள் கைக்கு எளிதில் அகப்படுபவை. மருத்துவர் குதிரையின் முன்னங்காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் நாணை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல அழுத்திக்கொண்டே வருவார். ஆரோக்கியமான நாண் இறுக்கமாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். காயம்பட்ட இடத்தில் அது தடித்து, மெத்தென்று ஆகி, அங்கே விரல் பட்டதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். புறங்கையை வைத்துப் பார்த்தால் மற்றக் காலைவிட அந்த இடம் சூடாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேர்கோடாக இருக்க வேண்டிய காலின் பின்விளிம்பு வில்லாக வளைந்து புடைத்திருக்கும். இத்தனைக்கும் நடுவே குதிரை அதிகம் நொண்டாமலும் இருக்கலாம். நொண்டினாலும் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில், அது நின்றுவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் அனைத்துக்கும் அடிப்படை இந்த ஒரு செய்திதான்: வலி நிற்பது வேறு, நாண் தேறுவது வேறு, இரண்டுக்கும் இடையே பல மாத இடைவெளி உண்டு. குணமடைந்துகொண்டிருந்த குதிரைகள் பல மீண்டும் கெட்டுப்போவது அந்த இடைவெளியில்தான்.

நாண் ஆறும் முறையைப் பார்த்தால் இந்த இடைவெளியின் காரணம் விளங்கும். முதல் சில நாட்களில் அழற்சி தோன்றுகிறது. அதாவது காயம்பட்ட இடத்துக்கு இரத்தமும் வெள்ளணுக்களும் விரைந்து வந்து, சிதைந்த இழைகளை அகற்றத் தொடங்குகின்றன. இந்த அழற்சி அளவு மீறினால் நல்ல இழைகளையும் நொதிகள் அரித்துவிடும். அடுத்து வரும் வாரங்களில் புதிய செல்களும் புதிய இரத்தக் குழாய்களும் வந்து இடைவெளியை நிரப்புகின்றன. ஆனால் அவசரத்தில் உருவாகும் இந்த நிரப்பு, முதல் வகைக் கொலாஜனால் ஆன பழைய இழையைப் போன்றதன்று. மெல்லிய, வலுக்குறைந்த மூன்றாம் வகைக் கொலாஜன், எந்தத் திசையிலும் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் வடுத்திசு. அதன் பிறகே மூன்றாம் கட்டமான மறுசீரமைப்பு தொடங்குகிறது. மூன்றாம் வகை மெல்ல மெல்ல நீங்கி முதல் வகை இடம்பெற, இழைகள் இழுவையின் திசைக்குத் திரும்பி அடுக்கிக்கொள்ளும் இந்த வேலை ஓராண்டும் அதற்கு மேலும் நீள்கிறது. அப்போதும் நாண் பழைய தரத்தை முழுமையாக எட்டுவதில்லை. வடுத்திசு சுற்றியுள்ள பகுதியோடு ஒத்து நீளாததால் வடுவின் விளிம்பில் இழுவை கூடுகிறது. மறுகாயம் பல வேளைகளில் பழைய இடத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ தோன்றுவது இதனால்தான். சில வேளைகளில் இதுவரை கூடுதல் பாரம் சுமந்த எதிர்க்காலிலும் அது தோன்றும்.

மறுசீரமைப்புக்குக் காலம் மட்டும் போதாது என்பது கவனிக்கத்தக்கது. இழைகள் எந்தத் திசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதை இழுவையே நாணின் செல்களுக்கு உணர்த்துகிறது. இழுவையே இல்லாமல் மாதக்கணக்கில் கட்டிப்போடப்பட்ட குதிரையின் நாணில் வடுத்திசு ஒழுங்கின்றியே முதிர்ந்துவிடும்; இழுவை மிகுந்தாலோ புதிய இழைகள் அறுந்துபோகும். எனவே சிகிச்சையின் சாரம், நாண் அன்றைக்குத் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் சிறிது கூட்டி, பாரம் தருவது. மருந்துக்கு அளவு குறிப்பதைப் போல இங்கே நடைக்கு அளவு குறிக்க வேண்டியிருக்கிறது.

இந்த அறிவு வருவதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் கையாளப்பட்ட முறை சூடு போடுதல். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயம்பட்ட நாணின் மேல் தோலில் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ சுடுவார்கள். புதிய அழற்சி ஒன்றைத் தூண்டினால் பழைய காயம் விரைந்து ஆறும் என்பது அதன் பின்னிருந்த நம்பிக்கை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மாட்டுக்கும் இதைச் செய்யும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த முறையை முறைப்படி சோதித்து 1983இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டினால் நாண் ஆறுவதில் எந்தப் பயனும் இல்லை என்று காட்டியது. சுடப்பட்ட குதிரைகள் தேறியதற்கு உண்மைக் காரணம், சுட்ட புண் ஆறும்வரை அவற்றுக்குக் கட்டாயமாகக் கிடைத்த நீண்ட ஓய்வுதான். 1991இல் பிரித்தானியக் கால்நடை மருத்துவர்களின் ஒழுங்குமுறை அமைப்பான ராயல் கல்லூரி இதை ஏற்கத்தகாத முறை என்று அறிவித்தது. ஓய்வின் பலனை நெருப்பின் கணக்கில் எழுதி வைத்ததற்காகத் தலைமுறை தலைமுறையாகக் குதிரைகள் பட்ட வேதனை, சிகிச்சையின் வரலாற்றில் மறக்கக் கூடாத பகுதி.

பொறுமை என்ன செய்யும் என்பதற்கு அதே நாட்டிலிருந்து சான்று உண்டு. ஆல்டனிட்டி என்ற தடைதாண்டும் பந்தயக் குதிரைக்கு, நாண் காயம் உட்படக் கால் காயங்களால் மீண்டும் மீண்டும் களத்தை விட்டு விலக நேர்ந்தது. 1979இன் இறுதியில் ஏற்பட்ட காயத்துக்குப் பின் அது இனி ஓடாது என்றே பலரும் எண்ணினர். அதன் சவாரியாளர் பாப் சாம்பியன் அதே 1979இல் புற்றுநோய்க்கு ஆளாகிக் கடும் மருந்துச் சிகிச்சையில் இருந்தார். பயிற்சியாளர் ஜோஷ் கிஃபோர்டும் உரிமையாளரும் குதிரைக்கும் மனிதருக்கும் சேர்த்தே காத்திருந்தனர். நீண்ட ஓய்வும், படிப்படியான நடையும், மெதுவான பயிற்சியும் முடிந்து 1981 பிப்ரவரியில் ஆஸ்காட் களத்தில் வென்ற அந்தக் குதிரை, ஏப்ரல் 4ஆம் நாள் 30 தடைகளையும் 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தையும் கொண்ட கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் பாப் சாம்பியனைச் சுமந்து முதலாவதாக வந்தது. இதைக் கொண்டு எல்லாக் குதிரையும் இப்படித் திரும்பும் என்று முடிவு கட்டிவிட முடியாது. எனினும் இனி இல்லை என்று கைவிடப்பட்ட கால், அவசரப்படாதவர் கையில் எவ்வளவு தேறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு அரிது.

காயம்பட்ட முதல் சில நாட்களின் நோக்கம் ஒன்றே ஒன்று: அழற்சியை அடக்குவது. குளிர்ந்த நீரைக் குழாய் வழியாக 20 நிமிடம் காலில் பாய்ச்சுவதும், பனிக்கட்டி வைப்பதும், அழுத்தமாகத் தடித்த பஞ்சுக் கட்டுப் போடுவதும், மருத்துவர் குறித்த அழற்சி அடக்கும் மருந்தைத் தருவதும், லாயத்தை விட்டு வெளியே விடாதிருப்பதும் இந்தக் கட்டத்தின் பணிகள். காயத்தின் அளவை உடனே கணித்துவிட முடியாது. நொதிகளின் அரிப்பால் அது முதல் வாரத்தில் பெரிதாகிக்கொண்டே போவதால், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் படமே நம்பத்தக்கது. காலின் பின்புற மயிரை மழித்து, கழுவி, களிம்பு தடவி, கருவியை நாணின் குறுக்காக வைத்தால் திரையில் நாணின் குறுக்குவெட்டு வெண்சாம்பல் நிறத்தில் தெரியும். அதன் பரப்பு ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர். இழைகள் அறுந்து நீர்மம் தேங்கிய இடம் மட்டும் அதன் நடுவே கரிய ஓட்டையாகத் தோன்றும். அந்தக் கருமை நாணின் எத்தனை பங்கை அடைத்திருக்கிறது, மேலிருந்து கீழாக எவ்வளவு நீளம் ஓடுகிறது என்ற இரண்டு அளவுகளைக் கொண்டே அடுத்த ஓராண்டுக்கான திட்டம் வகுக்கப்படுகிறது.

லாயத்திலேயே நிற்கும் குதிரைக்கு வேறு ஆபத்துகள் காத்திருக்கின்றன என்பதை உரிமையாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். குதிரையின் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடைவிடாமல் அமிலம் சுரப்பது. நாளெல்லாம் சிறுகச் சிறுக மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. வேலை செய்த காலத்தில் கொடுத்த கொள்ளையும் ஓட்ஸையும் அதே அளவில் தொடர்ந்து கொடுத்தால் எடை ஏறி, துள்ளலும் அடங்காத்தனமும் கூடும். அதற்காகத் தீனியையே குறைத்தால் இரைப்பையில் புண் வரும். தானியத்தைக் குறைத்து உலர்புல்லைத் தாராளமாக வைப்பதே வழி. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழரைக் கிலோ புல்லாவது வேண்டும். நடமாட்டம் குறைந்தால் குடலும் மந்தப்படும். சாணம் குறைவதும், உலர்ந்து உருண்டையாகிப் போவதும் குடல் அடைப்பு வலிக்கு முன்னறிவிப்பு என்பதால் சாணத்தின் அளவைத் தினமும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கொடியது நல்ல காலுக்கு வரும் கேடு. ஒரு காலைத் தாங்கி நிற்கும் குதிரை மற்றக் காலின் மேல் இடைவிடாமல் பாரத்தைப் போடுவதால் அந்தக் குளம்பினுள்ளே இரத்த ஓட்டம் தடைப்பட்டு, குளம்பையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய தகடுகள் அழற்சியுற்றுப் பிரியத் தொடங்கும். இதுவே லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி. 2006 மே மாதம் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் கால் எலும்பு நொறுங்கிய பார்பரோ என்ற குதிரை, பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் நடந்த சிக்கலான அறுவை சிகிச்சைக்குப் பின் பல மாதம் தாக்குப்பிடித்தும், குளம்பு அழற்சியால் 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்யப்பட நேர்ந்தது. நொறுங்கிய எலும்பைப் பொருத்திய மருத்துவமும் நல்ல காலைக் காக்க முடியாமல் தோற்றது. எனவே நல்ல காலுக்கும் கட்டுப் போட்டு, கீழே மரத்தூளையோ வைக்கோலையோ தடிமனாகப் பரப்பி, குளம்பின் சூட்டைத் தினமும் தொட்டுப் பார்ப்பது மிகைப்பட்ட எச்சரிக்கை ஆகாது.

அழற்சி அடங்கியதும் நடை தொடங்குகிறது. லாயங்களில் சைஸ் என்றழைக்கப்படும் பராமரிப்பாளர் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, கெட்டியான சமதரையில், நேர்க்கோட்டில், நாளொன்றுக்கு 10 நிமிடம் நடத்திச் செல்வார். வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது வாரத்தில் அது 45 நிமிடம் ஆகும். மூன்று மாத அளவில் மீண்டும் படம் எடுத்துப் பார்த்து, கருமை குறைந்து இழைகள் தெரியத் தொடங்கியிருந்தால், அந்த நடைக்கு நடுவே 5 நிமிடம் ட்ராட் சேர்க்கப்படும். மூலைக்கு மூலை எதிரெதிரான இரண்டு கால்கள் ஒருசேர ஊன்றும் மிதமான ஓட்டமே ட்ராட். அதையும் சிறுகச் சிறுகக் கூட்டி, ஆறு முதல் எட்டு மாதங்களுக்குப் பிறகே கேண்டர் எனப்படும் மென்பாய்ச்சல். முழுவேகப் பாய்ச்சலும் தடை தாண்டலும் ஓராண்டை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான். ஒவ்வொரு படியிலிருந்தும் அடுத்ததற்கு ஏறுமுன் படம் எடுப்பது முறை. நாணின் குறுக்குவெட்டுப் பரப்பு முந்தைய படத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், குதிரை துளியும் நொண்டாவிட்டாலும், பாரம் மிகுந்துவிட்டது என்று கொண்டு ஒரு படி இறங்கியாக வேண்டும்.

இந்த அட்டவணை எளிமையாகத் தெரிந்தாலும் அதைக் கடைப்பிடிப்பது கடினம். நான்காவது மாதத்தில்தான் அந்தக் கடினம் முழுமையாகப் புரியும். தசையும் இதயமும் சில வாரங்களிலேயே பழைய திறனைப் பெற்றுவிடுவதால், உள்ளே பாதி ஆறிய நாணோடு வெளியே முழுத் தெம்புடன் ஒரு குதிரை நின்றுகொண்டிருக்கும். வெளியே கொண்டுவந்ததும் அது துள்ளும், பின்னங்காலால் உதைக்கும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அப்படியான ஒரே ஒரு பாய்ச்சல் மாதக்கணக்கான உழைப்பைக் கெடுத்துவிடப் போதுமானது. ஆகவேதான் மருத்துவர்கள் முதல் சில நடைகளுக்கு முன் குறைந்த அளவில் அமைதிப்படுத்தும் மருந்து தருகிறார்கள். தலைக்கயிற்றுக்குப் பதிலாகக் கடிவாளம் பூட்டி நடத்தச் சொல்கிறார்கள். நீண்ட கயிற்றில் கட்டி வட்டமாக ஓடவிடும் வழக்கத்தை இந்தக் காலத்தில் முற்றிலும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் வட்டத்தில் ஓடும் காலில் பாரம் சரிசமமாக விழுவதில்லை.

நீரில் பயிற்சி தருவதும் பயன்படும். எதற்குப் பயன்படும் என்பதை அறிந்து செய்ய வேண்டும். தரையில் நகரும் பட்டையும் சுற்றிலும் கண்ணாடித் தடுப்பும் கொண்ட நீர்த்தொட்டியில் குதிரையை நடக்க வைக்கும்போது, நீர் இடுப்பெலும்பு உயரம்வரை இருந்தால் காலில் விழும் எடை ஏறத்தாழ 75 விழுக்காடு குறைகிறது. முழங்கை உயரத்துக்கு மட்டும் இருந்தால் குறைவு மிகச் சிறிதே. நீந்துவதில் காலில் பாரமே விழாததால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பயிற்சி கிடைக்குமே தவிர, நாணுக்குத் தேவையான இழுவைத் தூண்டல் கிடைக்காது. கடலை நம்பித் தேறிய புகழ்பெற்ற குதிரை ரெட் ரம். குளம்பினுள்ளே உள்ள எலும்பில் அழற்சி இருந்த அக்குதிரையை 1972இல் வாங்கிய ஜின்ஜர் மெக்கெய்ன், இங்கிலாந்தின் சவுத்போர்ட் கடற்கரையில் அலை வடிந்த ஈர மணலில் ஓடவிட்டும், கடல் நீரில் நடத்தியும் பயிற்சி அளித்தார்; அது 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் கிராண்ட் நேஷனலை வென்றது. அலை நனைத்துக் கெட்டிப்படுத்திய மணலும், கால் புதையும் உலர்ந்த மணலும் ஒன்றல்ல. இரண்டாவதில் ஒவ்வொரு தப்படிக்கும் கால் உள்ளிறங்கி நாண் கூடுதலாக உழைக்க நேர்வதால், தேறிவரும் காலுக்கு அது பகை. சென்னை மெரினாவின் அகன்ற உலர்மணல் பரப்பில் சவாரிக்கு விடப்படும் குதிரைகளை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் கனம் புரியும்.

கால் தேறினால் குதிரை தேறிவிட்டது என்று கொள்வது சவாரியின் கணக்கில் பாதி உண்மை. சவாரியாளரைச் சுமப்பது முதுகு. மாதக்கணக்கில் நின்ற குதிரையின் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் மல்டிஃபிடஸ் என்னும் சிறுதசைகள் மெலிந்திருக்கும். ஒவ்வொரு முள்ளெலும்பையும் அடுத்ததோடு அசையாமல் பிடித்து நிறுத்துபவை இவை. இவற்றை மீட்க மருந்தும் கருவியும் வேண்டியதில்லை, ஒரு கேரட் போதும். சைஸ் கேரட்டைக் குதிரையின் மூக்குக்கு அருகே காட்டி, மெல்ல அதன் நெஞ்சுக்கும், முன்னங்கால்களின் நடுவுக்கும், பிறகு குளம்புகளுக்கு அருகிலும் கொண்டுபோக, குதிரை கழுத்தை வளைத்து முதுகை மேலே தூக்கியபடி அதைத் தொடரும். அடுத்து விலாவுக்கும், இடுப்புக்கும், பின்னங்கால் பக்கமும் இதேபோல வலமும் இடமும் செய்யப்படும். ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்திப் பிடித்த பிறகே கேரட் வாய்க்குப் போகும். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று மாதம் இதைச் செய்த குதிரைகளின் மல்டிஃபிடஸ் தசை தடித்திருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு அல்ட்ராசவுண்ட் அளவீட்டால் காட்டியது. கொட்டகையில் சும்மா நிற்கும் காலத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம் என்பதும், குதிரைக்கும் இது மிகப் பிடித்துப்போகும் என்பதும் கூடுதல் நன்மைகள்.

உடல் வடிவம் மாறியிருப்பதால் பழைய சேணம் பொருந்தாது. மெலிந்த முதுகில் அது முள்ளெலும்பின் மேல் நேராக உட்காரும். தசை திரும்பி வளரும்போது தோள்பட்டையை இறுக்கும். ஆகவே தேறிவரும் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை சேணத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. முதலில் ஏறும் சவாரியாளர் எடை குறைந்தவராகவும், சமநிலை கெடாமல் உட்காரத் தெரிந்தவராகவும் இருப்பது நல்லது. அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகளை வைத்து நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், சவாரியாளரும் சேணமும் சேர்ந்த சுமை உடல் எடையில் 20 விழுக்காடு வரை இருந்தபோது பெரிய மாற்றம் காணப்படவில்லை. 25 விழுக்காட்டிலும் 30 விழுக்காட்டிலும் தசை வலியும் இறுக்கமும் கூடின. 400 கிலோ குதிரைக்கு 20 விழுக்காடு என்பது சேணத்தோடு சேர்த்து 80 கிலோ. முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் குதிரைக்கே இதுதான் எல்லை என்றால், தேறிவரும் குதிரைக்கு அதற்கும் வெகுவாகக் கீழே நின்றுகொள்வதே முறை.

இரையாகும் விலங்காகப் பரிணமித்த குதிரை வலியை மறைப்பதில் தேர்ந்தது என்பதால், சவாரி தொடங்கிய பின் அதன் நடத்தையைப் படிப்பது மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே ஆகியிருக்கிறது. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் சூ டைசன் தம் ஆய்வுக் குழுவினரோடு 2018இல் வெளியிட்ட பட்டியல் சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைக் குறிக்கிறது: காதைப் பின்னுக்கு மடக்கி வைத்திருத்தல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், நாக்கை வெளியே நீட்டுதல், வாலை ஓயாமல் சுழற்றுதல், தலையைச் சாய்த்துப் பிடித்தல், பின்னங்கால் குளம்பின் நுனியைத் தரையில் இழுத்தல், முன்னேற மறுத்தல் முதலானவை. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ ஒருசேரக் காணப்பட்டால் தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி. முரட்டுத்தனம் என்றும் சோம்பல் என்றும் பெயர் வைத்துச் சாட்டையால் திருத்த முயன்ற நடத்தைகளில் பெரும்பகுதி நோயின் மொழி என்று இந்தப் பட்டியல் காட்டியது, அண்மைக் காலக் குதிரை மருத்துவம் குதிரைகளுக்குச் செய்த பெரிய நன்மைகளுள் ஒன்று.

நாணைப் பழைய நிலைக்கே மீட்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித்தும் குழுவினரும், குதிரையின் மார்பெலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை, அதாவது வேறுவகைச் செல்களாக வளரும் திறனுள்ள மூலச் செல்களை, எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, அதே குதிரையின் நாண் காயத்தினுள் ஊசி வழியாகச் செலுத்தும் முறையை 2003இல் வெளியிட்டனர். இவ்வாறு சிகிச்சை பெற்றுக் களம் திரும்பிய பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில் மறுகாயம் ஏறத்தாழ 27 விழுக்காடாக இருந்தது. வேறு சிகிச்சைகளுக்கு முன்பு பதிவாகியிருந்த விகிதங்களைவிட இது குறைவு. குதிரையின் சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் முறையும் பரவலாகியிருக்கிறது. இவற்றில் எதைக் கையாண்டாலும் நடை அட்டவணை ஒரு வாரம்கூடச் சுருங்குவதில்லை. விலையுயர்ந்த ஊசி போட்டாயிற்று என்ற தெம்பில் அட்டவணையைச் சுருக்கியவர்கள் ஊசியையும் வீணாக்கிக் குதிரையையும் கெடுத்திருக்கிறார்கள்.

திரும்புதல் என்பதற்கு ஒரே பொருள் இல்லை என்பதையும் இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பந்தயத்தில் முழுவேகத்தில் ஓடுவதற்குப் போதாத நாண், பூங்காவில் நடந்து செல்லும் சவாரிக்கும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சுமந்து செல்லும் சிகிச்சைச் சவாரிக்கும் தாராளமாகப் போதும். நாணில் பாதிக்கு மேல் சிதைந்த குதிரையை மறுபடியும் பந்தயத்துக்கு அனுப்புவதில் அறிவியலின் துணை இல்லை. வேலையின் தரத்தை ஒரு படி இறக்கி அதற்கு நீண்ட ஆயுளைத் தருவதே சரியான முடிவு. இம்முடிவை எடுக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் பணம். ஓராண்டு முழுவதும் தீனியும் மருந்தும் கொடுத்து, வருமானமே இல்லாமல் ஒரு குதிரையை வைத்திருக்கப் பந்தய உரிமையாளருக்கு முடியும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மெரினாவிலும் ஒற்றைக் குதிரையை நம்பிக் குடும்பம் நடத்துபவருக்கு முடியாது. அவர்களைப் பழித்துப் பயனில்லை. அரசின் கால்நடை மருத்துவமனைகளில் அவர்களுக்கு இலவச அல்ட்ராசவுண்ட் பரிசோதனையும், குதிரை ஓய்வில் இருக்கும் மாதங்களுக்குத் தீனி உதவியும் கிடைத்தால், நொண்டும் குதிரைகளில் பல சவாரிக்கு இழுத்து வரப்படாமல் தேறிவிடும்.

சவாரிக்குப் போகும் வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஏறுவதற்கு முன் குதிரையைச் சிறிது தூரம் ட்ராட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி உள்ள குதிரை அந்தக் கால் ஊன்றும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். தலை அப்படி ஏறி இறங்குவதைக் கண்டால் அந்தக் குதிரையின் மேல் ஏறாதீர்கள். காரணத்தையும் அதன் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.